எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே திடல்

யாழ்ப்பாணத்து விளையாட்டுத் திடல்களில் மணலுக்குக் குறைவில்லை. ஓடி விழும் பிள்ளைக்கு அது மெத்தை. சக்கர நாற்காலியின் முன்சில்லோ அதில் புதைந்து நின்றுவிடும். அதனால் வடிவமைப்பு தரையில் தொடங்குகிறது: வாசலில் இருந்து ஊஞ்சல் வரை இறுகிய, வழுக்காத பாதை.

சுழல் ராட்டினத்தின் தட்டு நிலமட்டத்தில் இருந்தால் நாற்காலியோடு ஏறலாம். பார்வையற்ற பிள்ளைக்கு மணியோசையும் காலடியில் மாறும் தரையும் வழி சொல்லும். செவிப்புலனற்ற பிள்ளைக்குத் தோழரின் கைச்சைகையை மறைக்காத திறந்தவெளி வேண்டும். இவ்விரு சாராருக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை 1956 முதல் கல்வி அளித்துவருகிறது. போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக்கால் பொருத்தி நடக்கவைத்தது 1987இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம்.

பொது இடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இல் வந்தன. 2016இல் நாடு ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, விளையாட்டில் சமபங்கைப் பிள்ளைகளின் உரிமை என்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்: சாய்தளத்தின் சரிவு 1:12. 15 செ.மீ. உயரப் படி ஒன்றுக்கு 1.8 மீற்றர் நீளம் தேவை. உங்கள் ஊர்ப் பூங்கா வாசலில் எத்தனை படிகள்?