காய்ச்சலின் முதல் இரண்டு நாட்கள்

நோயிலும் காயத்திலும் காலை ஒழுங்கைக் கைவிடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது வெற்று உபதேசம் அல்ல. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்தே உண்ண வேண்டும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும் வெறும் வயிற்றில்தான் நன்றாக உடலில் சேர்கிறது. சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு காலை உணவைத் தவிர்த்தால், முற்பகலிலேயே கை நடுங்கி மயக்கம் வரலாம். எலும்பு முறிவுக் கட்டைப் பிரித்த பின்பு, விறைத்த மூட்டை நாள்தோறும் சிறிது சிறிதாக அசைத்துப் பழக்க வேண்டும். இவை அனைத்தும் கேட்பது ஒன்றைத்தான்: காலையில் அவசரமில்லாத ஒரு மணி நேரம். திருப்பூரில் அது யாரிடம் இருக்கிறது?

பனியன் தொழிலில் வேலையை நாள் கணக்கில் அல்ல, ஷிஃப்ட் கணக்கில் பேசுவார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதம் திருப்பூர்க்காரர் பலருக்குச் சற்று விநோதமாகவே கேட்டிருக்கும்.

லைன் வீட்டில் குடியிருக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பொதுக் கழிப்பறைக்குக் காத்திருந்து, சமைத்து, மதியச் சோற்றைக் கட்டி, கம்பெனி வேன் வருவதற்குள் தெருமுனைக்கு வந்துவிட வேண்டும். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பின், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் காலை உணவைப் பற்றிய கவலை குறைந்திருக்கிறது. தாயின் காலை உணவு இன்னும் வேன் வரும் நேரத்தைப் பொறுத்ததே.

இவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்? இங்கேதான் பொருளியல் நுழைகிறது. இஎஸ்ஐ திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். ஆனால், முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. வேலையில் பட்ட காயத்துக்கு உதவித்தொகை அதிகம், 90 விழுக்காடு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. அதற்கும் ஒரு வாசற்படி இருக்கிறது: விபத்து நடந்த நாளை நீக்கி, குறைந்தது மூன்று நாட்களாவது வேலை செய்ய இயலாமல் இருக்க வேண்டும். விரலில் ஊசி ஏறியவர் இரண்டு நாட்களில் திரும்பிவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

சிறு கோரிக்கைகளால் நிதி கரையக் கூடாது, பொய் விடுப்பு பெருகக் கூடாது என்பது காப்பீட்டாளர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம். வகுப்பறையில் நானும் அதை விளக்கியிருக்கிறேன், தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால், பெரும்பாலான காய்ச்சல்களும் ஊசிக் காயங்களும் அந்த இரண்டு நாட்களுக்குள் அடங்குபவை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த நாட்களின் வருமானம் சுழியம். எனவே அவர் ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு, விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வேனில் ஏறுகிறார். ஓய்வும், நேரத்துக்கு மருந்தும், உட்கார்ந்து உண்பதும் அன்றே கைவிடப்படுகின்றன. இதை அறியாமை என்று சொல்பவர்கள் அவருடைய இடத்திலிருந்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரங்கள் கட்டுடனேயே காலை நடையைத் தொடர்ந்தேன். பிறகு, காலைதோறும் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டினேன். நண்பர்கள் என் மன உறுதியைப் புகழ்ந்தார்கள். உண்மையில் மாதக் கடைசியில் ஓய்வூதியம் குறையாமல் வந்தது; அவ்வளவுதான்.

பல்லடம், அவிநாசி வட்டாரத்து நூற்பாலைகளை எடுத்துக்கொண்டால் சிக்கல் வேறு வகை. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு அதிகமாக இறுகும். ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்ற பெயரே அதனால்தான். எந்த மூச்சுப் பயிற்சியும் அங்கே தூசியைக் குறைப்பதற்கு ஈடாகாது.

திருப்பூரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் பேசுகின்றன. அந்த மேசையில் ‘முதல் இரண்டு நாட்கள்’ ஒரு தனிக் கோரிக்கையாக வைக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் ஆண்டுக்கு மூன்று முறை நோயுற்றால் ஆறு நாள் கூலி. 300 வேலை நாட்களுக்கு அது 2 விழுக்காடு. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் தைக்கும் பவர் டேபிள் கூடங்கள் இஎஸ்ஐ வளையத்துக்கே வெளியில் நிற்கின்றன. அங்கே இந்தச் செலவை வேலை கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனங்கள் ஏற்பதே நியாயம்.

பீஸ் ரேட்டுக்காரருக்கு நாள் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முதலாளிகள் கேட்கக்கூடும். முந்தைய நான்கு சனிக்கிழமைகளில் கொடுத்த சம்பளத்தைக் கூட்டி, வேலை செய்த நாட்களால் வகுத்தால் போதும். அந்தக் கணக்கு கம்பெனி நோட்டிலேயே இருக்கிறது.