ரூ.17,500-ம் ஓர் இனிஷியலும்

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகன் அவர். தலித் மாணவர். 2024-ல் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் வென்று தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் பெற்றார். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் ரூ.17,500 கட்ட வேண்டும். ஊரார் சேர்த்துக் கொடுத்த பணம் கைக்கு வரும்போது நேரம் முடியும் தறுவாய். கட்ட முடியவில்லை, இடம் போனது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142-வது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது.

நம் பிள்ளைகள் எல்லோராலும் டெல்லி வரை போக முடியாது. அதனால் விண்ணப்பம் என்பதை மதிப்பெண்ணோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். காகிதமும் பணமும் தேதியும் சேர்ந்ததுதான் விண்ணப்பம்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், சாதிச் சான்றில் அப்பா பெயர் வேறு எழுத்துகளில் இருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வோ ஜேஇஇயோ, ஆன்லைனில் பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே சிக்கல். பிளஸ் 1 முடிந்த கோடையிலேயே இதைச் சரிசெய்துவிடுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது வீண் பதற்றம்.

அடுத்தது சாதிச் சான்று. இங்கே அருந்ததியர் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2009 முதல் தமிழக அரசின் 18 சதவீத ஒதுக்கீட்டில் 3 சதவீதம் உள் ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. சான்றிலும் எஸ்சி(ஏ) என்று வரும். மத்திய நிறுவனங்களின் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. அங்கே எஸ்சி என்றே குறியுங்கள், 15 சதவீத ஒதுக்கீட்டில் வருவீர்கள். கட்டத்தைக் காணோமே என்று பொதுப்பிரிவில் போட்டுவிடாதீர்கள்.

வேறொரு தயக்கமும் உண்டு. எஸ்சி என்று போட்டால் ‘கோட்டா’ என்று குறைவாகப் பார்ப்பார்களோ என்று நல்ல மதிப்பெண் எடுத்தவர்களே அந்தக் கட்டத்தைத் தவிர்க்கிறார்கள். தேவையே இல்லை. ஐஐடி கலந்தாய்விலும் அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள் உள்பட நம் பொறியியல் கலந்தாய்விலும், பொதுப்பட்டியலில் வரும் அளவு மதிப்பெண் இருந்தால் எஸ்சி மாணவருக்கும் பொது இடமே முதலில் கிடைக்கும். குறித்தால் இழப்பு ஏதுமில்லை. குறிக்காவிட்டால்தான் இழப்பு.

ஜேஇஇ மெயினையும் க்யூட்டையும் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வு மட்டும் ஆங்கிலம், இந்தியில்தான்.

பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நேர்காணலும் உண்டு. சில கல்லூரிகள் உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ‘நான் மிகவும் ஏழ்மையான குடும்பம், எனக்கு வாய்ப்புத் தாருங்கள்’ என்று மனு போல எழுதிவிடுகிறார்கள். கேட்டது மனு அல்ல. நூறு நாள் வேலைக் கூலி வராதபோது தெருவில் ஆறு வீட்டுக்கு நீங்கள்தான் மனு எழுதிக் கொடுத்தீர்களா? எந்த அலுவலகத்துக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, அதிலிருந்து எதைப் படிக்க ஆசை வந்தது? அதை எழுதுங்கள். அம்மாவோடு நாற்று நட்ட கையில் உயிரியல் பாடத்தைப் பற்றிக் கேள்வி எழுந்திருந்தால் அதையும் எழுதலாம். கடையில் காசு கொடுத்து வாங்கும் கட்டுரையில் இது எதுவும் இருக்காது. சாதியைப் பற்றி எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். எழுதினால் நடந்ததைச் சொல்லுங்கள், கூனிக்குறுக வேண்டாம்.

இனி பணம். ஐஐடிகளில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுமையாக விலக்கு. விடுதி, உணவுச் செலவு தனி. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அறிவிக்கப்பட்ட உயர்நிறுவனங்களில் படிப்போருக்கு ‘டாப் கிளாஸ்’ திட்டத்தில் ரூ.8 லட்சம் வரை வருமான வரம்பு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேர்வோரின் பட்டப்படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது.

இவையெல்லாம் சேர்ந்த பிறகு வருபவை. இடத்தை உறுதிசெய்யும் முதல் தொகை கலந்தாய்வு நாளில் உங்கள் கையில் இருக்க வேண்டும். மகளிர் குழுவிலோ உறவினரிடமோ கேட்பதாக இருந்தால் மே மாதமே கேட்டு வையுங்கள். வங்கிக் கணக்கில் போட்டு, கடைசி நாளுக்கு முந்தைய நாளே கட்டிவிட்டு, ரசீதை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.