டோபமைன் வாங்கிகளை அளவிடல்

இறந்தோரின் மூளையிழையத்தில் டோபமைன் வாங்கிகள் எவ்வாறு அளவிடப்படுகின்றன? இழையத்தை அரைத்துப் பெறும் மென்சவ்வுகளுடன், திரிதியம் ஏற்றப்பட்ட ஹலோபெரிடோல் போன்ற கதிர்த்தொழிற்பாடுள்ள மருந்து சேர்க்கப்படும். வடிகட்டியபின் எஞ்சும் கதிர்வீச்சு மொத்தப் பிணைப்பைக் காட்டும். அதிலிருந்து, வாங்கிகளைச் சாராத பிணைப்பு தனியே அளவிடப்பட்டுக் கழிக்கப்படும்.

1978இல் ரொறன்ரோவில் பிலிப் சீமன் குழுவினரும் இங்கிலாந்தில் ஓவன் குழுவினரும், உளப்பிளவு நோயுற்றிருந்தோரின் மூளைகளில் இவ்வாங்கிகள் மிகுந்திருக்கக் கண்டனர். ஆயின், அவருட் பெரும்பாலார் அவ்வாங்கிகளைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்டவர்கள். நீண்டகாலம் கொடுக்கப்படும் அம்மருந்துகளே வாங்கிகளைப் பெருக்கும் என்பது 1977இல் எலிகளிற் காட்டப்பட்டிருந்தது. அவ்வாறாயின் அளவிடப்பட்டது நோயா, சிகிச்சையின் சுவடா? எண் பிழையற்றதாயினும் தன் காரணத்தைத் தானே கூறாது. மருந்துண்ணாத நோயாளரையும் ஒப்பிட்டே அதனைத் துணிதல் வேண்டும்.