ஐஸ் கட்டிக்கு விலை வைத்தது யார்?

வழக்காடுகிறவர்கள் – 11

விடியற்காலை மூன்று மணி. செலாயாங் பாசார் போரோங்கில் மீன் பகுதி. இடுப்புயர ஐஸ் கட்டியை இரும்புக் கொக்கி போட்டுத் தரையோடு இழுத்து வருகிறார் ஒரு தொழிலாளி. அரைக்கும் மெஷின் வாயில் அது சாய்ந்ததும் காதைப் பிளக்கிற சத்தம். அடுத்த நிமிடம் மறுபக்கத்தில் வெள்ளைக் குவியல். மண்வாரியால் வாரி கெம்போங் மீன் பெட்டிகளின் மேல் கொட்டுகிறார்கள். பெட்டிக்கு அடியில் ரத்தமும் தண்ணீருமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐஸ் இல்லையென்றால் இந்தச் சந்தை காலை எட்டு மணிக்குள் நாறிவிடும்.

ரவாங்கிலிருந்து கொள்முதலுக்கு வந்திருந்த மீன் வியாபாரி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது வருடமாக இதே தொழில்.

"ஐஸ் விலையை யாருண்ணே வைக்கிறது?"

"யாரு வைக்கிறது? கரண்டு ஏறுனா ஐஸும் ஏறும் தம்பி. மழை பெஞ்சா ஆத்துல தண்ணி ஏறுற மாதிரி."

சென்ற வாரம் வழக்கறிஞர் பயிற்சியான சேம்பரிங் செய்யும் ஒன்பது மாதங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை முடித்துவிட்டு எந்தத் துறைக்குப் போகலாம் என்று யோசிக்கும் பிள்ளைகளை இந்த வாரம் இங்கே கூட்டி வந்ததற்குக் காரணம், அந்த அண்ணன் சொன்ன பதில்தான். விலை மழையைப் போலத் தானாக ஏறியதா, நாலு பேர் உட்கார்ந்து பேசி ஏற்றினார்களா? இந்த ஒரு கேள்வியை வைத்தே வாழ்நாள் முழுதும் வழக்காடுகிறவர்கள் இருக்கிறார்கள். போட்டிச் சட்ட வழக்கறிஞர்கள்.

2014 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் மின் கட்டணம் சராசரியாக 14.89 விழுக்காடு உயர்ந்தது. ஐஸ் தயாரிப்பில் மின்சாரம்தான் பெரிய செலவு. அதே ஜனவரி 1 முதல் குழாய் ஐஸ் பெரிய மூட்டைக்கு 50 காசும், பெரிய ஐஸ் கட்டிக்கு 2 வெள்ளி 50 காசும் ஏறும் என்று கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா வட்டாரத்து ஐஸ் தயாரிப்பாளர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. பத்திரிகையில் அறிவிப்பே வந்தது. மலேசியப் போட்டி ஆணையம் விசாரணையில் இறங்கியது. 2015 தொடக்கத்தில் 24 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,52,250 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இதில் ஐஸ்காரர்கள் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். செலவு ஏறியது உண்மை. அதற்கேற்ப விலையை ஏற்றியதில் என்ன குற்றம்? குற்றமே இல்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே போட்டு, ஒருவர் 2 வெள்ளி, இன்னொருவர் 3 வெள்ளி, மூன்றாமவர் வாடிக்கை போய்விடுமே என்று ஒன்றுமே ஏற்றாமல் விட்டிருந்தால் சட்டம் வாய் திறந்திருக்காது. எல்லாரும் ஒரே தொகையை ஒரே நாளில் ஏற்றுவோம் என்று பேசிவைத்ததுதான் குற்றம். போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயித்தாலோ, சந்தையைப் பங்கு போட்டாலோ, குத்தகை ஏலத்தில் கூட்டுச் சேர்ந்தாலோ, அதனால் கெடுதல் நடந்தது என்று தனியாக நிரூபிக்கவே வேண்டியதில்லை. கெடுக்கும் நோக்கம் இருந்ததாகவே போட்டிச் சட்டம் 2010இன் 4ஆம் பிரிவு கருதிக்கொள்ளும்.

சங்கம் வைத்துத் தொழில் நடத்துவது நம் மக்களின் ரத்தத்தில் ஊறியது. முடிதிருத்துநர் சங்கம், உணவக உரிமையாளர் சங்கம், பூமாலை வியாபாரிகள் என்று எத்தனையோ. சங்கக் கூட்டத்தில் விலையைப் பேசுவதை நாம் ஒற்றுமை என்று நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அந்தக் கூட்டக் குறிப்பேடே ஆதாரம். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் முடிவு கேமரன் மலைப் பூ வளர்ப்போர் சங்கத்தைப் பற்றியதுதான். 2012இல் 10 விழுக்காடு விலை உயர்வைச் சங்கமே அறிவித்தது. முதல் வழக்கு என்பதாலோ என்னவோ அபராதம் இல்லாமல் முடிந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சிபுவில் 15 ரொட்டி, கேக் கடைக்காரர்கள் கட்ட வேண்டியிருந்தது.

ஆணையத்தின் அலுவலகம் கேஎல் சென்ட்ரலில் எஸ்எஸ்எம் கோபுரத்தில் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சோறு சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். நம் தாத்தாமார் ரயில் பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் உழைத்த பழைய யார்டு நிலத்தில் எழுந்த கட்டடங்களில் அதுவும் ஒன்று. சட்டம் 2012 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது ஆணையத் தலைவர் சித்தி நோர்மா யாக்கோப், மலாயாவின் முதல் பெண் தலைமை நீதிபதியாக இருந்தவர். தலைமைச் செயல்முறை அதிகாரி ஷீலா துரைராஜ். இந்த நாட்டில் புதிதாக ஒரு சட்டத்தை நடக்கப் பழக்கிய இரண்டு பெண்கள் என்பதால் இந்தப் பெயர்களைப் பிள்ளைகள் அறிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொழில் எப்படி இருக்கும்? திரைப்படத்தில் வருகிற மாதிரி சாட்சியைக் கூண்டில் ஏற்றி மடக்குகிற காட்சி மிகக் குறைவு. ஒருநாள் காலையில் கட்சிக்காரர் பதறிப்போய் அழைப்பார்: "அதிகாரிகள் வாசலில் நிக்கிறாங்க, கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்றாங்க." வழக்கு அங்கே தொடங்கும். பிறகு ஆணையத்தின் உத்தேச முடிவு கட்டுக்கட்டாக வரும். அதற்கு எழுத்திலும் வாயாலும் பதில் சொல்ல வேண்டும். இறுதி முடிவு பாதகமானால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதன் பிறகும் விடாதவர்கள் சீராய்வு மனுவோடு ஜாலான் டூத்தா உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து புத்ராஜெயாவுக்கும் ஏறுவார்கள். அங்கெல்லாம் பிரமாணப் பத்திரங்கள்தாம் பேசும். அபராதத்தின் உச்ச வரம்பு, விதிமீறல் நடந்த காலத்தின் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் இந்த வழக்கறிஞர்களுக்கு அள்ளிக் கொடுக்கின்றன.

பொறுமையும் வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரே வழக்கு போதும். 2011 ஆகஸ்டில் மாஸ் விமான நிறுவனமும் ஏர் ஆசியாவும் கூட்டு ஒப்பந்தம் போட்டன, அவற்றின் பெரிய பங்குதாரர்கள் பங்குகளை மாற்றிக்கொண்டார்கள். மாஸின் துணை நிறுவனமான ஃபயர்ஃபிளை கோலாலம்பூரிலிருந்து கூச்சிங், கோத்தா கினபாலு, சண்டாக்கான், சிபு போகும் நான்கு தடங்களிலிருந்து விலகியது. இது சந்தையைப் பங்கு போட்டதாகும் என்று 2014 மார்ச்சில் ஆணையம் இரண்டு தரப்புக்கும் தலா 1 கோடி வெள்ளி அபராதம் விதித்தது. 2016 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. ஆணையம் உயர் நீதிமன்றம் போய் 2018 டிசம்பரில் வென்றது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விமான நிறுவனங்கள் பக்கம் சாய்ந்தது. விமானத் தடங்கள் அல்ல அங்கே பிரச்சினை. தன் முடிவை மாற்றிய தீர்ப்பாயத்தின் மீதே வழக்குப் போட ஆணையத்துக்குத் தகுதி உண்டா என்பதுதான். இல்லை என்றது நீதிமன்றம். 2012 மே மாதமே பங்கு மாற்றத்தைக் கலைத்துவிட்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த அந்த ஜனவரியிலிருந்து எண்ணினால் நான்கு மாத விதிமீறல்; அதற்கு ஏழு ஆண்டுக்கு மேல் வழக்கு. இந்த வழக்கில் இளநிலை வழக்கறிஞராகச் சேர்ந்த ஒருவர், அது முடிவதற்குள் தன் சட்ட நிறுவனத்தின் பங்குதாரராகவே ஆகியிருக்கலாம்.

சட்டப் புத்தகம் மட்டும் படித்தால் இந்தத் துறையில் தேற முடியாது. தொழிலைப் படிக்க வேண்டும். மோட்டார் காப்புறுதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் காப்புறுதிச் சங்கமும் 22 நிறுவனங்களும் சேர்ந்து வாகனப் பட்டறைகளுக்கு மணிக்கு 30 வெள்ளி கூலி என்றும், உதிரிப் பாகங்களுக்கு இன்ன கழிவு என்றும் நிர்ணயித்ததாக 2020இல் ஆணையம் முடிவு செய்தது. அபராதம் 17.3 கோடி வெள்ளிக்கு மேல். கோவிட் காலச் சலுகைக்குப் பிறகு 13 கோடி. பேங்க் நெகாரா சொல்லித்தானே பட்டறைக்காரர்களோடு பேசி முடித்தோம் என்றது எதிர்த் தரப்பு. 2022 செப்டம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தை ரத்து செய்தது. இங்கே வாதாட, கதவு நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்த எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிள்ளானிலும் செந்தூலிலும் பட்டறை வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது அப்பாவின் பேச்சிலேயே வந்திருக்கும். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய வழக்குகளில் பத்திரிகை அறிவிப்பே சாட்சியாக இருந்தது. இப்போது யாரும் அறிவிப்பதில்லை. 2023 டிசம்பரில் ஐந்து கோழித் தீவன நிறுவனங்களுக்கு 41.5 கோடி வெள்ளி அபராதம் விதித்தபோது எழுந்த சிக்கல் இதுதான். சோளமும் சோயாவும் உலகச் சந்தையில் எல்லாருக்கும் ஏறியது. ஐவர் விலையும் அடுத்தடுத்து ஏறினால் அது செலவா, சமிக்ஞையா? வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. சட்டத்துக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தேவையில்லை. போட்டியில் இருக்கிற ஆபத்தைத் தவிர்க்கத் தெரிந்தே ஒத்துழைத்தாலே போதும். ஆனால் அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லை நிரூபிக்க வேண்டும்.

என்னை வாட்டுகிற விஷயம் வேறு. இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் ஆணையம், மறுபக்கம் நிறுவனம். கூடுதல் விலை கொடுத்தவனுக்கு யார் வழக்காடினார்கள்? அபராதப் பணம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கேட்கலாம். அங்கே இந்தத் துறை வழக்கறிஞர்கள் பலர் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நம் சட்டத்திலும் 64ஆம் பிரிவு இருக்கிறது. விதிமீறலால் நேரடியாக நஷ்டப்பட்டவர் யாராக இருந்தாலும் சிவில் நீதிமன்றம் போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது, நுழைந்தவர்கள் அரிது.

செலாயாங்கில் நிற்கிற ஒருவர் நாளுக்கு நாலு ஐஸ் கட்டி வாங்குகிறார் என்று வையுங்கள். கட்டிக்கு 2 வெள்ளி 50 காசு ஏறினால் நாளுக்கு 10 வெள்ளி, மாதம் 26 நாளுக்கு 260 வெள்ளி. ஒரு பிள்ளையின் டியூஷன் காசு. இந்தத் தொகைக்கு எந்த வழக்கறிஞரும் கோப்பைத் திறக்கமாட்டார். ஆனால் இருநூறு பேர் ஒன்றாக வந்தால்? அப்படி ஒரு வழக்கை எடுக்கிற வழக்கறிஞர் நமக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் அவர் கேட்கப்போகிற முதல் கேள்வியை அந்த ரவாங் அண்ணனிடம் நான் கேட்டுப் பார்த்தேன்.

"ஐஸ் வாங்கின ரசீதெல்லாம் வச்சிருக்கீங்களாண்ணே?"

அவர் சட்டைப் பையிலிருந்து அன்றைய ரசீதை எடுத்துக் காட்டினார். மீன் தண்ணீரில் ஊறிப்போய், எழுத்து நீலமாகக் கரைந்து, எண் எது கோடு எது என்று தெரியவில்லை.

"இதையா? வேன்ல ஏறுறதுக்கு முன்னாடியே தூக்கிப் போட்டுருவேன் தம்பி" என்றவர், அதைக் கசக்கி ஐஸ் மெஷின் ஓரமாக ஓடுகிற தண்ணீரில் விட்டார்.

(தொடரும்)