டோக்கியோவில் ஏறி செபுவில் இறங்க ஓர் அமெரிக்க விமானம்

 

2024 ஜூலை கடைசியில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு புதுத் தடத்தில் பறக்கத் தொடங்கியது. கிளம்பும் இடம் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம், இறங்கும் ஊர் பிலிப்பைன்ஸின் செபு. அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியவர்கள்தான் அதில் ஏற வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவையே பார்த்திராத டோக்கியோக்காரரும் டிக்கெட் வாங்கி ஏறலாம். ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் விமானக் கம்பெனிகளுக்குப் பஞ்சமா? மூன்றாவது நாட்டுக்காரருக்கு அங்கே என்ன வேலை?

இதற்கு விடை தேட, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1944 கடைசியில், உலகப்போர் முடிவதற்கு முன்பே, சிகாகோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி, போருக்குப் பிறகு யார் வானத்தில் யார் பறப்பது என்று பேசின. அங்கே வகுத்த உரிமைகளில் முதல் நான்கில் பெரிய சண்டை இல்லை. மேலே பறந்து கடப்பது, எண்ணெய் நிரப்ப இறங்குவது, நம் நாட்டு ஆளைக் கொண்டுபோய் விடுவது, அங்கிருந்து ஆளைக் கூட்டிவருவது, அவ்வளவுதான். ஐந்தாவது உரிமைதான் வம்பு. கேரளப் பேருந்து ஒன்று கோவை வழியாகப் பெங்களூரு போகிறது என்று வையுங்கள். கோவையில் நிறுத்தி, பெங்களூரு போகும் கோவைக்காரர்களை அது ஏற்றிக்கொண்டால் உள்ளூர் பஸ் முதலாளி சும்மா இருப்பாரா? வானத்திலும் அதே கதை. அதனால் இந்த ஐந்தாவது உரிமையைப் பெரும்பாலான நாடுகள் எல்லோருக்கும் பொதுவாகத் தருவதில்லை. பெரும்பாலும் இரண்டு இரண்டு நாடாக உட்கார்ந்து பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஜப்பானோடு நடந்த பேரத்தில் அமெரிக்காவின் கை மிகவும் ஓங்கியிருந்தது. போருக்குப் பின் ஜப்பானில் தொடர்ந்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு இரு நாடுகளும் விமான ஒப்பந்தம் போட்டன. பான் ஆம், நார்த்வெஸ்ட் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளுக்கு டோக்கியோவைத் தாண்டி ஆசியாவுக்குள் போகத் தாராளமான உரிமை கிடைத்தது. நார்த்வெஸ்ட் 1947-லேயே அலாஸ்கா வழியாக டோக்கியோ, சியோல், ஷாங்காய், மணிலா என்று பறந்துகொண்டிருந்தது. பதிலுக்கு ஜப்பான் கம்பெனிகளுக்குக் கிடைத்தது மிகக் குறைவு என்ற மனக்குறை டோக்கியோவில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அது நியாயமான குறைதான் என்று நினைக்கிறேன்.

இந்த உரிமையின் விலை என்னவென்று 1985-ல் தெரிந்தது. பணமுடை தாளாமல் பான் ஆம் தன் பசிபிக் தடங்களை யுனைடெட்டுக்கு 75 கோடி டாலருக்கு விற்றது. அதில் விமானங்களும் அடக்கம். ஆனால் விமானத்தைப் புதிதாகக்கூட வாங்கலாம். டோக்கியோவைத் தாண்டும் உரிமை கடையில் கிடைக்காது. அதற்குப் பிறகு நரிட்டா ஒரு பெரிய சந்திப்பாகவே இயங்கியது. அமெரிக்க நகரங்களிலிருந்து வரும் விமானங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்கும். கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், சியோல், மணிலா என்று பிரிந்து கிளம்பும்.

இவ்வளவு நன்றாக நடந்தது ஏன் நின்றது? பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. போயிங் 787 வந்த பிறகு, நடுவில் இறங்கவேண்டிய தேவையே போய்விட்டது. 2016 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு, சுமார் 13,600 கிலோமீட்டர், யுனைடெட் நேரடியாகப் பறந்தது. அதோடு நரிட்டா–சிங்கப்பூர் தடத்தை மூடியது. நார்த்வெஸ்ட்டை வாங்கியிருந்த டெல்டா 2019-ல் தன் நரிட்டா–சிங்கப்பூர் சேவையை நிறுத்திவிட்டு, 2020 மார்ச்சில் நரிட்டாவையே காலிசெய்து நகருக்குப் பக்கத்திலுள்ள ஹனேடாவுக்குப் போனது. ஆசியாவுக்குள் போகும் டெல்டா பயணிகளுக்கு இப்போது சியோலும் அங்கே கூட்டாளியாக இருக்கும் கொரியன் ஏரும்தான் முக்கிய வழி. கூட்டாளி இருந்தால் சொந்த விமானம் எதற்கு?

ஆனால் தூரம் மட்டுமே கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தாய் ஏர்வேஸ் 2005-லேயே நியூயார்க்–பாங்காக் நேரடியாகப் பறந்து பார்த்தது. சுமார் பதினேழு மணி நேரம். அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால், எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரியும். 2008-ல் எண்ணெய் விலை எகிறியதும் அந்தச் சேவை நின்றது. சிங்கப்பூர் போகிறவர்களில் கம்பெனிச் செலவில் முன்வரிசையில் உட்காருபவர்கள் நிறைய. பாங்காக் போகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாக்காரர்கள், சொந்தக் காசில் மலிவு டிக்கெட் தேடுபவர்கள். எட்டுகிற தூரம்தான், கட்டுகிற கணக்கு இல்லை. அதனால்தான் யுனைடெட் 2025 அக்டோபரில் பாங்காக்குக்குத் திரும்பியபோதும் நேரடியாகப் போகாமல் ஹாங்காங் வழியாகப் போனது. ஹோ சி மின் நகருக்கும் அதே வழிதான்.

இப்போது நரிட்டாவுக்கு வருவோம். அங்கே மூடிய தடங்களும் புதிதாகத் திறந்த தடங்களும் ஒரே ரகமில்லை. மூடியவை சிங்கப்பூர், பாங்காக், சியோல் போன்ற மாநகரங்கள். திறந்தவை செபு, 2025-ல் மங்கோலியாவின் உலான்பாத்தர், தைவானின் காவ்ஷியுங். இந்த ஊர்களுக்கு எந்த ஓர் அமெரிக்க நகரத்திலிருந்தும் ஒரு பெரிய விமானத்தை நிரப்ப ஆள் கிடைக்காது. ஆனால் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், டென்வர், ஹூஸ்டன், நியூவார்க் என்று ஒவ்வொரு விமானத்திலிருந்தும் இருபது பேர் நரிட்டாவில் இறங்கினால் நூறு பேர் ஆயிற்று. காத்திருப்பது 166 இருக்கைகள் கொண்ட சிறிய 737. மிச்ச இருக்கைக்கு உள்ளூர்க்காரர்கள் வந்தால் போதும். 1952-ல் பெரிய ஊர்களுக்காக வாங்கிய உரிமை இன்று பயணிகள் குறைவான ஊர்களுக்குப் பயன்படுகிறது.

உள்ளூர்க்காரர்கள் வருவார்களா என்பது வேறு கேள்வி. டோக்கியோ–செபு தடத்தில் செபு பசிபிக், பிலிப்பைன் ஏர்லைன்ஸ் இரண்டும் பறக்கின்றன. கடற்கரைக்குப் போகும் ஜப்பானியர் மலிவு டிக்கெட்டைத்தான் எடுப்பார். ஆனால் அமெரிக்காவில் பல லட்சம் பிலிப்பைன் குடும்பங்கள் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது மணிலாவில் இறங்கி இன்னொரு விமானம் மாறும் அலுப்பு மிச்சம் என்றால் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள். உலான்பாத்தர் கோடைகாலச் சேவைதான், அதனால் நஷ்டம் வந்தாலும் அளவோடு நிற்கும்.

எனக்குச் சந்தேகம் காவ்ஷியுங் மீதுதான். தைவானின் சிப் கம்பெனி டிஎஸ்எம்சி அங்கே ஆலை கட்டுகிறது, அமெரிக்காவின் அரிசோனாவிலும் கட்டுகிறது; அந்தப் போக்குவரத்தையும் மனத்தில் வைத்தே இந்தத் தடம் திறந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தைபேக்கு அதே யுனைடெட்டின் நேரடி விமானம் இருக்கிறது. தைபே விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அதிவேக ரயில் நிலையம். அங்கிருந்து காவ்ஷியுங்கின் சுவோயிங் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நரிட்டாவில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதைவிட ரயிலில் உட்கார்ந்துவிடலாம் என்று பயணி நினைத்தால், மூன்றில் முதலில் மூடப்படுவது அந்தத் தடமாகத்தான் இருக்கும்.