பீங்கான் பைப் தாங்கும் வாயுவை மனிதர் தாங்குவாரா? பாதாளச் சாக்கடைக்குள் நடப்பது என்ன?

பழைய பாதாளச் சாக்கடை லைனைத் தோண்டி எடுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பல வருஷம் மண்ணுக்குள் கிடந்த பீங்கான் குழாயைக் கழுவிவிட்டால், காபிக்கொட்டை நிறத்தில் புதுசு மாதிரி மின்னும். அதே லைனில் இருந்த கான்கிரீட் மேன்ஹோலின் உள்சுவரோ, சுரண்டினாலே ஈரச் சுண்ணாம்பு போல உதிரும். இரண்டிலும் ஓடியது ஒரே கழிவுநீர்தான். அதிலும் தண்ணீர் தொட்ட அடிப்பகுதி ஓரளவு நன்றாகவே இருக்கும். தண்ணீரே தொடாத மேல்பகுதிதான் அரித்துப் போயிருக்கும்.

அந்த வேலையைச் செய்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். அடைப்பு எடுக்க இறங்கும் தொழிலாளர்களின் உயிரைப் பறிப்பதும் பெரும்பாலும் இந்த வாயுதான்.

விருத்தாசலமும் ஸ்டோன்வேர் பைப்பும்

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் என்றால் பலருக்கும் விருத்தகிரீஸ்வரர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் நினைவுக்கு வரும். ஆனால், தொழில் வட்டாரத்தில் அது 'செராமிக் ஊர்'. பீங்கான் பொம்மைகள், மின்சார ஃபியூஸ்களுக்கான பீங்கான் பாகங்கள் என்று பல பொருட்கள் இங்கே சூளைகளில் வேகின்றன. செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இந்த ஊரில் இருக்கிறது. பக்கத்திலுள்ள நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடைக்கும் களிமண், இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். பாதாளச் சாக்கடைக்கான ஸ்டோன்வேர் குழாய்களும் விருத்தாசலத்தில் தயாராகியிருக்கின்றன.

அந்தக் குழாய் செய்யும் முறையே சுவாரஸ்யமானது. சூளை சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது சாதாரண உப்பை அள்ளி உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து குழாயின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். உப்பு மெருகு என்பது இதுதான். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 651 தரம் இந்த வகைக் குழாய்களுக்கானது.

அமிலம் இந்தப் படலத்தை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் சுட்ட மண்ணையும் பெரிதாகத் தொடாது. பிறகு ஏன் எல்லா இடத்திலும் இதையே போடவில்லை? ஒரு குழாயின் வழக்கமான நீளம் வெறும் 60 செ.மீ. ஒரு கிலோமீட்டர் லைன் போட 1,600-க்கும் மேற்பட்ட இணைப்புகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் சணல் திணித்து சிமென்ட் பூச வேண்டும். அந்த சிமென்ட் விட்டுப்போனால் மரத்தின் வேர் உள்ளே வரும், மண் இறங்கும், அடைப்பு ஆரம்பிக்கும். குழாய் நூறு வருஷம் நிற்கும், ஜாயின்ட் நிற்காது. அதனால் பி.வி.சி., எச்.டி.பி.இ. குழாய்கள் வந்ததும் ஸ்டோன்வேருக்கு மவுசு குறைந்தது. மேன்ஹோல் மட்டும் அன்றும் இன்றும் பெரும்பாலும் செங்கல் அல்லது கான்கிரீட்.

வாயு எங்கிருந்து வருகிறது?

கழிவுநீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் பிரச்னை குறைவு. நொடிக்கு 60 செ.மீ.க்குக் குறையாமல் ஓடினால் அழுக்கு படியாது என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. ஓட்டலிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு, நாப்கின், கட்டட மணல் எல்லாம் சேர்ந்து வழியை அடைக்கும்போது வேகம் போய்விடும். தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள், கழிவிலுள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்கும்.

வாயு மேலே எழுந்து ஈரமான கூரையில் படிகிறது. அங்கே வேறொரு வகை பாக்டீரியா காத்திருந்து அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. கான்கிரீட்டை ரசாயனம் மட்டும் அரிக்கவில்லை, அதன் பின்னால் ஓர் உயிரி இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் பார்க்கர் 1945-ல் எழுதினார். சாலை திடீரென்று உள்வாங்கி பஸ் சக்கரம் இறங்கும் செய்திகள் வருகிறதே, அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன் இருக்கக்கூடும்.

நாற்றம் நின்றால்தான் ஆபத்து

இனி ஆளுக்கு வருவோம். ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பொறுத்தவரை மூக்கை நம்பக் கூடாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே நாறும். ஆனால் 100 பங்கு ஆகும்போது சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகும். உள்ளே இருப்பவருக்கு 'நாத்தம் போயிடுச்சு, இனி பரவால்ல' என்றுதான் தோன்றும். போனது நாற்றம் அல்ல, அதை உணரும் திறன். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் சரிந்து விழுவார். 700-லிருந்து 1,000 வரை போனால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும். இன்னொரு சிக்கல், சேற்றைக் கிளறும்வரை வாயுவின் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மூங்கில் பிளாச்சால் குத்தும் அந்த நிமிடத்தில்தான் மொத்தமாகக் கிளம்பும். இறங்கும் முன் ஒருமுறை வாயு அளவு பார்த்துவிட்டு, அதோடு விட்டுவிடுவது போதாது என்பது இதனால்தான்.

மெழுகுவத்தி கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. சுடர் அணையாவிட்டால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். விஷவாயு இருக்கிறதா என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு, கூடவே இருக்கும் மீத்தேன் தீப்பிடித்து வெடிக்கலாம். முகத்தில் கட்டும் துண்டு, கொரோனா காலத்து மாஸ்க் எதுவும் வாயுவைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் கருவியோடு கூடிய முகமூடி வேண்டும். பக்கத்து மேன்ஹோல் மூடிகளையும் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். இடுப்பிலும் தோளிலும் கட்டும் பெல்ட்டும், ஆள் விழுந்தால் மேலிருந்தே தூக்க முக்காலிக் கம்பியும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னது ஏன் முக்கியம் என்பதைச் செய்திகளே சொல்கின்றன. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில், கழிவுநீரேற்று நிலையத் தொட்டியில் மோட்டார் பழுது பார்க்கப்போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 3 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே. முதல் ஆள் விழுந்தார், அவரைத் தூக்கப் போனவர்களும் திரும்பவில்லை. கூட வேலை பார்ப்பவர் அண்ணனோ மச்சானோ ஆக இருக்கும்போது, 'இறங்காதே' என்று சொல்லும் விதியை யாரால் கேட்க முடியும்? மேலே கயிறும் முக்காலியும் இருந்தால் இறங்க வேண்டிய தேவையே வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலம் அள்ளும் தொழிலுக்கு 1993-லேயே தடைச் சட்டம் வந்தது. சாக்கடை, செப்டிக் டேங்க்கில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்தது 2013-ம் ஆண்டுச் சட்டம். முதல்முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும்.

ஆனால் இதில் ஓர் இடுக்கு இருக்கிறது. பாதுகாப்புச் சாதனம் தராமல், முன்னெச்சரிக்கை இல்லாமல் இறக்குவதைத்தான் சட்டம் 'அபாயகரமான சுத்தம்' என்கிறது. விதிகளின்படி, பெரிய லைன்களை இணைப்பது, தொட்டியின் அடியிலிருக்கும் மோட்டாரை எடுப்பது போன்ற சில வேலைகளுக்கு, உள்ளாட்சித் தலைமை அதிகாரி காரணம் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி தந்தால் ஆள் இறங்கலாம். ராத்திரி அடைப்பு எடுக்க வரும் ஒப்பந்தக்காரரிடம் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று எந்தத் தெருவில் யார் கேட்கிறார்கள்?

1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20-ல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த மாநில வாரிக் கணக்குகளில், 1993-க்குப் பிறகான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே கணக்கு ஒழுங்காக எடுக்கப்படுகிறது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானத்தை இறந்தவர் வீட்டில் போய்ச் சொல்ல முடியாது.

யார் இறங்குகிறார்கள் என்பதிலும் ரகசியம் ஏதுமில்லை. மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 தொழிலாளர்களில் கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர்.

சின்ன ஊர்களில் என்ன நிலைமை?

பெருநகரங்களில் ஜெட்ராடிங் வண்டி, உறிஞ்சும் லாரி எல்லாம் வந்துவிட்டன. கும்பகோணம் நகராட்சிக்கு, கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோவும் வந்தது. சின்ன நகராட்சிகளில் குடிநீர் லைன் உடைப்பைப் பார்ப்பவர்களே சாக்கடை அடைப்புக்கும் கூப்பிடப்படுவது சாதாரணம். இரண்டு வேலையும் உண்மையில் தனித்தனி அல்ல. தண்ணீர் விடாத நேரத்தில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது பக்கத்தில் கசியும் சாக்கடை, குடிநீர்க் குழாயின் விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படும். காலையில் குழாயைத் திறந்ததும் முதல் குடம் நாறுகிறது என்றால், எங்கோ ஒரு சாக்கடை ஜாயின்ட்டும் ஒரு குடிநீர் ஜாயின்ட்டும் அருகருகே விட்டுப்போயிருக்கிறது என்று ஃபிட்டருக்குத் தெரியும்.

லாரி நுழையாத சந்து, வண்டி கேட்டால் நாலு நாள் கழித்து வரும் ஊர், 'ஒரு நிமிஷம் இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்ணே' என்று சொல்லும் தினக்கூலி. ஆள் இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். இதில் சில தேவைகளை வடிவமைப்பிலேயே தவிர்த்துவிடலாம். தொட்டியில் மோட்டாரை வழிகாட்டிக் கம்பியில் பொருத்தினால், பழுதானாலும் மேலிருந்து சங்கிலியில் இழுத்து எடுத்துவிடலாம். ஆள் உள்ளே போகவே வேண்டாம். புதிதாகக் கட்டும் நகராட்சிகள் டெண்டரிலேயே இதைக் கேட்கலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. செப்டிக் டேங்க்கோ சேம்பரோ நிரம்பினால் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு 500 ரூபாய் பேசி முடிக்காமல், கட்டணமில்லா எண் 14420-ஐ அழைக்கலாம், அல்லது நகராட்சி அலுவலகத்தில் வண்டி கேட்கலாம். வந்தவர்களில் யாராவது சட்டையைக் கழற்றி மூடியைத் திறந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கினால், வேலை கொடுத்தவர் என்ற முறையில் வழக்கு உங்கள் பெயரிலும் வரும்.