மாதவிடாய் நிற்கும் காலமும் மன அழுத்தமும்

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில், சினைப்பைகளில் எஞ்சியுள்ள கருமுட்டைகள் அருகிவர, அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஒரு மாதம் உயர்ந்தும் மறுமாதம் சரிந்தும் அலைபாய்ந்த பின்னரே அடங்குகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46 வயதையொட்டி நிகழ்கிறது என்றாலும், சித்தூரும் திருப்பதியும் அடங்கிய ஆந்திரத்தில் வயதை மட்டும் கொண்டு இதனை விளக்கிவிட இயலாது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டோர் இந்திய அளவில் நூற்றுக்கு 3 பேர். ஆந்திரத்திலோ ஏறத்தாழ 9 பேர். இவர்களில் பலருக்கு அறுவை முப்பதுகளிலேயே நடந்துவிடுகிறது என்பது ஆழ்ந்த கவலைக்குரியது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓயக்கூடும். அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழவேண்டிய ஹார்மோன் சரிவு சில நாட்களிலேயே நிகழ்ந்து, எலும்பின் உறுதியும் இதயநலமும் பாதிக்கப்படுகின்றன.

மன அழுத்தத்தின் வழி வேறு. அழுத்தம் நேரும்போது மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பி வழியாகச் சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டிக் கார்டிசாலைச் சுரக்கச் செய்கிறது. கார்டிசாலுக்கான மூலப்பொருள் தேவைப்படுவதால் ஈஸ்ட்ரோஜன் பறிபோகிறது எனப் பரவலாகச் சொல்லப்படுவது தவறு. அட்ரீனலும் சினைப்பையும் தத்தம் உயிரணுக்களுக்குள் தத்தம் ஹார்மோன்களைத் தனித்தனியே ஆக்கிக்கொள்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் மூளையே ஆகும். உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஹைப்போதலாமஸ், ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் மிகச் சிறிய வெப்ப உயர்வையும் பொறுக்காமல் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. திடீரென முகமும் மார்பும் கொதிக்கும் இந்த வெப்பத் தாக்கத்தை மன அழுத்தம் மேலும் தூண்டக்கூடும். இரவில் அது உறக்கத்தைக் கெடுக்க, உறக்கமின்மை மறுநாளைய அழுத்தத்தைக் கூட்டுகிறது. கோடையில் மாம்பழக்கூழ் ஆலைகளில் வேலைசெய்து, வீடு திரும்பி அடுப்படியிலும் நிற்கும் சித்தூர்ப் பெண்ணுக்கு, குளிர்ந்த இடத்தில் இளைப்பாறுமாறு கூறும் அறிவுரை எளிதில் கைகூடுவதன்று.

ஆகவே அறுவை செய்துகொண்ட பெண் முதலில் அறியவேண்டியது, தம் சினைப்பைகள் உள்ளனவா என்பதே. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரப்படும் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். 45 வயதுக்கு முன்பே அவை அகற்றப்பட்டிருந்தால், மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாத நிலையில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.